‘உனக்கு என்ன வேணும்?’ என்று கேட்டால் மகன் தரையைப் பார்க்கிறான்

மதுரைப் பக்கத்திலிருந்து நார்வேக்குக் குடிபோன ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதியதாகச் சொல்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 33. கணவர் பொறியாளர். ஒரே மகன், ஐந்தரை வயது. அங்கே போய் ஒரு வருடம் ஆகிறது. மகன் எட்டு மாதமாகப் பார்னேஹாகேவுக்கு, அதாவது அங்குள்ள மழலையர் பள்ளிக்குப் போகிறான். சென்ற மாதம் ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பையன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தானாக வாயைத் திறப்பது அபூர்வம். “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டால் தரையைப் பார்க்கிறான். ரொட்டி மேல் சீஸ் வைக்கவா, ஜாம் தடவவா என்று இரண்டையும் எடுத்துக் காட்டினாலும் கை நீட்டுவதில்லை. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் டப்பா பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. “தானாக எதையும் தொடங்காத குழந்தை” என்றாராம் ஆசிரியை. ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்குவதால், அதற்கு முன் நகராட்சியின் கல்வி உளவியல் பிரிவு ஒருமுறை பார்க்கட்டும் என்று ஒரு படிவத்தையும் நீட்டியிருக்கிறார். இவர்கள் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார்கள்.

“வீட்டில் இவன் வாய் ஓயாது சார். டைனோசர் கதை சொல்லியே பாட்டியைத் தூங்கவிட மாட்டான்” என்று எழுதுகிறார். மூன்று மாத விசாவில் மாமியார் வந்திருக்கிறார். பேரனுக்கு அவர்தான் ஊட்டுகிறார். பையன் அப்பா அம்மாவுக்கு நடுவில் படுத்துத் தூங்குகிறான். பிரச்சினை இதுவரை வந்ததும் வீட்டுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. கணவர் சொல்கிறார்: “பண்பாடு சட்டை மாதிரி. வந்த ஊருக்கு ஏற்ற சட்டையைப் போட்டுக்கணும். நாளையிலிருந்து வீட்டிலும் நார்வேஜியன்தான், அவனுக்குத் தனி ரூம்தான்.” மாமியார் சொல்கிறார்: “ரத்தத்துல ஊறினது மாறாது. பிள்ளையைத் தூக்கிட்டு ஊருக்கு வந்துடுங்க.” இதற்கு நடுவே ஒரு நாள் புளியோதரை சாப்பிட்டு முடித்த பையன், பள்ளியில் கேட்டுக் கேட்டுப் பழகிய ‘தக் ஃபோர் மாத்தன்’ என்ற வார்த்தையைப் பாட்டியிடம் சொல்லிவிட்டான். ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்று அர்த்தம். அர்த்தத்தைக் கேட்டதும் பாட்டி அழுதுவிட்டார். “என் பேரன் என்னை ஓட்டல்காரி ஆக்கிட்டான்.”

இணையத்தில் தேடி ஆட்டிசம் என்ற வார்த்தையில் போய் நின்றிருக்கிறார் இந்தத் தாய். நார்வேயில் இந்தியக் குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டது பற்றிய செய்தியையும் படித்திருக்கிறார். அவர் கேட்பது மூன்று கேள்வி. என் மகனுக்கு ஏதாவது குறையா? நாங்கள் வளர்த்த முறை தப்பா? பிள்ளையை எங்களிடமிருந்து பிரித்துவிடுவார்களா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனத்தில் நின்ற இடம் டைனோசர் கதை. ஆசிரியை பார்த்த பையனும் உண்மை, நீங்கள் பார்க்கும் பையனும் உண்மை. ஆனால் அவர் “இவன் இப்படிப்பட்டவன்” என்கிறார். நீங்கள் “அந்த இடத்தில் இப்படி இருக்கிறான்” என்கிறீர்கள். ஒருவருடைய செயலுக்குக் காரணத்தை அவருடைய குணத்தில் தேடுவதா, சூழ்நிலையில் தேடுவதா என்பதே ஊருக்கு ஊர் மாறும் பழக்கம்தான். ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் 1984-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியது. நம் பக்கத்து மைசூரிலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் மக்களிடம் தங்களுக்குத் தெரிந்தவர்கள் செய்த சில செயல்களைச் சொல்லச் சொல்லி, ஏன் அப்படி நடந்தது என்று கேட்டார். மைசூர்க்காரர் ஒருவர் சொன்ன சம்பவத்தில், மோட்டார் சைக்கிளில் போகும் வழக்கறிஞர் விபத்தில் சிக்குகிறார். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அடி. அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அதே சம்பவத்தைக் கேட்ட சிகாகோக்காரர்கள் பெரும்பாலும் “பொறுப்பில்லாத மனிதர்” என்ற வழியில் காரணம் சொன்னார்கள். அதைச் சொன்ன மைசூர்க்காரரோ “அன்றைக்கு அவர் கட்சிக்காரருக்காக நின்றாக வேண்டும்”, “அவரும் பதறிப்போயிருப்பார்” என்ற வழியில் போனார்.

ஆசிரியை உங்கள் மகனைக் குறை சொல்லவில்லை. அவர் வளர்ந்த இடத்தில் ஒரு குழந்தையை அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். ஆகவே அவர் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதித் தகவல் அது. மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது, அதை நீங்கள் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கணவரின் சட்டை, மாமியாரின் ரத்தம்

மாமியார் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். நான் சொன்ன அதே மைசூர் ஆய்வில் பெரியவர்களோடு 8, 11, 15 வயதுப் பிள்ளைகளையும் கேட்டார்கள். எட்டு வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் பதில்கள் பிரிந்து போயின. ரத்தத்தில் இருப்பது என்றால் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டுமே. தினமும் கேட்டு, பார்த்து, திருத்தப்பட்டுப் படிவது அது. உங்கள் மகனுக்கு ஐந்தரை வயதுதான். இன்னும் எதுவும் இறுகிப் போகவில்லை.

அப்படியானால் கணவர் சொல்வது சரியா? அதுவும் முழுதாகச் சரியில்லை. என் அப்பத்தா பற்றிச் சொல்கிறேன். பந்தியில் உட்கார்ந்தால் “வடக்க தள்ளி உக்காரு” என்பார். “உன் கிழக்காப்புல எறும்பு போகுது பாரு” என்பார். இடது, வலது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ் பிடித்து, அதுவரை பார்த்தே இராத ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போனாலும் அவருக்கு வடக்கு எது என்று தெரியும். நான் நகரத்தில் வளர்ந்தவன், எனக்குத் தெரியாது. 1990-களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் மதுரை வட்டாரத்துத் தமிழர்களிடம் இதைத்தான் ஆராய்ந்தார். கிராமத்தவர் பெரும்பாலும் திசையை வைத்துப் பேசினார்கள், நகரத்தவர் இடம் வலம் வைத்துப் பேசினார்கள். சோதனை எளிமையானது. மேசை மேல் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பிறகு ஆளைத் திருப்பி, பின்னாலிருக்கும் மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். இடது வலது பார்ப்பவர் ஒரு விதமாக அடுக்குவார், திசை பார்ப்பவர் அதற்கு நேர் எதிராக அடுக்குவார். இருவருக்குமே தாங்கள் அடுக்கியது ‘அப்படியே’ இருப்பதாகத்தான் தோன்றும். எப்படிப் பேசிப் பழகினார்களோ, பெரும்பாலும் அப்படியே நினைவிலும் வைத்திருந்தார்கள்.

ஒரே மொழி, ஒரே வட்டாரம், அதற்குள்ளேயே இவ்வளவு தூரம். பேச்சுப் பழக்கம் கண் எதைக் கவனிக்கிறது, மனம் எதைப் பிடித்து வைக்கிறது என்பது வரை போகிறது. சட்டையைக் கழற்றுவது போல ஒரே நாளில் கழற்ற முடியாது. ஆனால் என் அப்பத்தா இடது வலது கற்றுக்கொள்ள முடியாதவர் இல்லை. நானும் திசை கற்றுக்கொள்ள முடியாதவன் இல்லை. யாராவது பொறுமையாகப் பழக்கினால் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். உங்கள் மகனுக்கு வேண்டியதும் அதுதான்.

கணவரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்பது பழைய நம்பிக்கை, ஆராய்ச்சிகள் அதை ஏற்பதில்லை. வீட்டு மொழி பலமாக இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மொழியைக் கட்டியெழுப்ப ஓர் அடித்தளம் கிடைக்கிறது. அதை விடுங்கள், உங்கள் மகனின் வாயாடித்தனம் முழுக்க இப்போது தமிழில் இருக்கிறது. அதையும் பிடுங்கினால் இரண்டு இடத்திலும் ஊமையாக நிற்பான். அப்பாவும் அம்மாவும் தடுக்கி விழுந்து பேசும் நார்வேஜியனைவிட, பள்ளியில் அவன் கேட்கும் நார்வேஜியன் நன்றாகவே இருக்கும்.

‘எதுனாலும் பரவாயில்ல’

நம் வீட்டுக்கு வந்தவரிடம் “காபியா, டீயா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “எதுனாலும் பரவாயில்ல.” “எனக்குக் காபிதான் வேணும்” என்று பளிச்சென்று சொன்னால் உள்ளே போய், “விவரமான ஆளா இருக்காரே” என்று பேசிக்கொள்வோம். நம் அம்மாக்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடிப்பார்கள். கேட்காமலே கொண்டுவந்து வைப்பதுதான் நமக்குப் பாசம். உங்கள் மகன் ஐந்து வருடமாக அந்தப் பாசத்தில் குளித்து வளர்ந்தவன். “உனக்கு என்ன வேணும்?” என்ற கேள்வியை வீட்டில் அவனிடம் யாரும் நிஜமாகக் கேட்டதே இல்லை. வீட்டில் வராத கேள்வி பள்ளியில் வந்தால் தரையைத்தான் பார்ப்பான்.

அங்கே நிலைமை தலைகீழ். மூன்று வயதுப் பிள்ளையிடமும் கேட்டுச் செய்வதுதான் அவர்களுக்கு மரியாதை. கேட்காமல் வாயில் வைத்தால், அந்தக் குழந்தைக்கும் ஒரு விருப்பம் உண்டு என்பதை மதிக்கவில்லை என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் அன்புதான் நடக்கிறது. ஆனால் ஒருவர் காட்டும் அன்பு மற்றவர் கண்ணுக்கு அலட்சியமாகவோ திணிப்பாகவோ படுகிறது.

தானே தேர்ந்தெடுத்தால்தான் குழந்தைக்கு ஆர்வம் வரும் என்பதுகூட எல்லா ஊருக்கும் பொதுவான விதி இல்லை. 1999-ல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வார்த்தை கண்டுபிடிக்கும் விளையாட்டு. சிலருக்குத் தாங்களே விளையாட்டைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள், சிலருக்கு நடத்துபவர் தேர்ந்தெடுத்தார், சிலரிடம் “இதை உன் அம்மா உனக்காகத் தேர்ந்தெடுத்தார்” என்றார்கள். வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது மிக நன்றாகச் செய்தார்கள். கிழக்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள் மிக நன்றாகச் செய்தது, அம்மா தேர்ந்தெடுத்தது என்று கேட்டபோது. அம்மாவின் தேர்வு அவர்களுக்குச் சுமையாக இல்லை, பலமாக இருந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வரும்.

ஆகவே நீங்கள் வளர்த்தது தப்பு இல்லை. ஆனால் நீங்கள் வளர்த்தது உங்கள் வீட்டுக்குப் போதும். ஆகஸ்டில் அவன் போகப்போகும் வகுப்பறைக்குப் போதாது. அங்கே அவன் கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. தாகம் என்றாலும், வயிறு வலித்தாலும், இன்னொரு பையன் தள்ளிவிட்டாலும் அவனேதான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவனுடைய பாதுகாப்புக்கும் அது தேவை.

தினமும் காலையில் டப்பா கட்டும்போது இரண்டு பொருளைக் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். தமிழிலேயே கேளுங்கள். அவன் வாய் திறக்கும்வரை பத்து எண்ணிக்கொண்டு காத்திருங்கள். உங்களுக்குத்தான் அது கஷ்டமாக இருக்கும். அவன் சொன்னதையே கொடுங்கள், “அதைவிட இது நல்லது” என்று மாற்றாதீர்கள். சாப்பாடு விஷயத்தில், காலையிலும் மதியமும் அவனே எடுத்துச் சாப்பிடட்டும். கையால் சாப்பிடுவதில் அங்கே யாருக்கும் ஆட்சேபம் இருக்காது, அவர்களும் ரொட்டித் துண்டைக் கையில்தான் பிடித்துத் தின்கிறார்கள். டப்பா திரும்பி வருவதற்குக் காரணம், ஊட்ட ஆள் வரும் என்று அவன் காத்திருப்பதாக இருக்கலாம். இரவுச் சாப்பாட்டைப் பாட்டி ஊட்டட்டும். மூன்று மாதத்துக்கு வந்த பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பிணைப்பை நான் எடுக்கச் சொல்லமாட்டேன்.

கண்ணைப் பார்ப்பது பற்றி அவனிடம் நேராகவே சொல்லலாம். “நம்ம ஊர்ல பெரியவங்க பேசும்போது தலை குனிஞ்சு நிக்கிறது மரியாதை. இங்க டீச்சர் முகத்தைப் பார்த்தா அதுதான் மரியாதை.” ஐந்து வயதுக்கு இது புரியும். பாட்டியிடம் ஒரு மாதிரியும் நண்பனிடம் ஒரு மாதிரியும் பேச அவன் ஏற்கெனவே கற்றுவிட்டான் அல்லவா?

ஆசிரியையிடமும் ஓர் உதவி கேளுங்கள். “என்ன வேணும்?” என்று கேட்பதற்கு முன், “இந்தத் தட்டுகளை எடுத்து வைக்க எனக்கு உதவுகிறாயா?” என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்காக ஒன்றைக் கேட்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகள், மற்றவருக்கு ஒன்று செய்யச் சொன்னால் சட்டென்று எழுந்து வருவார்கள். இதை என் ஆலோசனை அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். பொம்மை வேண்டுமா என்றால் அம்மா முந்தானைக்குள் ஒளியும் பிள்ளை, “இந்த டப்பாவைத் திறந்து குடு, எனக்கு வரமாட்டேங்குது” என்றால் ஓடி வருகிறது. திறந்து கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறது.

அப்புறம் பாட்டியின் கண்ணீர். அவரிடம் இதைச் சொல்லுங்கள். நம் வீட்டில் அம்மாவுக்கு நன்றி சொன்னால் கணக்குத் தீர்த்த மாதிரி, அந்நியமாகத் தெரியும். நார்வேயில் சாப்பாட்டு மேசையை விட்டு எழும்போது கணவன் மனைவியிடமும் பேரன் பாட்டியிடமும் அன்றாடம் சொல்லும் வார்த்தை அது. வீட்டுச் சாப்பாட்டுக்கான வார்த்தை. பேரன் அவரை ஓட்டலில் வைக்கவில்லை, தான் புதிதாகக் கற்ற வீட்டு மேசையில் பாட்டியையும் உட்கார வைத்திருக்கிறான். எனக்கு இன்னொன்றும் படுகிறது. பள்ளியில் வாய் திறக்காதவன் அந்த வார்த்தையை எடுத்துவந்து முதன்முதலில் யாரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான் பாருங்கள்.

குறை உண்டா என்று பார்த்துவிடுங்கள்

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் பண்பாடு என்று மூடிவிடக் கூடாது. கடிதத்தை வைத்து யாரும் நோய் சொல்லவோ, நோய் இல்லை என்று சொல்லவோ முடியாது. நீங்கள் எழுதியதில் நம்பிக்கை தருவது நிறைய இருக்கிறது. கதை சொல்கிறான், கேட்பவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறான், பாட்டியோடு கற்பனை விளையாட்டு விளையாடுகிறான், விரும்பியதைக் காட்டிச் சிரிக்கிறான். கண்ணைப் பார்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு செய்வதில்லை.

ஆனால் எட்டு மாதம் என்பது கொஞ்சம் அதிகம்தான். புது மொழிக்குள் நுழையும் பிள்ளை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம். அதைத் தாண்டியும் வீட்டில் தாராளமாகப் பேசுகிற பிள்ளை ஓரிடத்தில் மட்டும் பேச முடியாமல் போனால், அது தெரிந்தெடுத்த மௌனம் என்ற பதற்றப் பிரச்சினையாக இருக்கலாம். பிடிவாதமும் இல்லை, அடக்கமும் இல்லை, பயத்தில் குரல் வெளியே வராமல் போவது அது. சீக்கிரம் கவனித்தால் நன்றாகச் சரியாகும். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டும் பிள்ளைக்கு, சத்தமான வகுப்பில் பாதிப் பேச்சு கேட்காது.

ஆகவே அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இங்கே நீங்கள் ஒன்றை இன்னொன்றோடு குழப்பிக்கொண்டீர்கள். கல்வி உளவியல் பிரிவு வேறு, குழந்தைகள் நலத் துறையான பார்னேவேர்ன் வேறு. முதலாவது பிள்ளைக்குக் கற்றலில், பேச்சில் என்ன உதவி தேவை என்று பார்க்கும் இலவசச் சேவை. உங்கள் சம்மதம் இல்லாமல் அது தொடங்காது. சோதனையின்போது தமிழிலும் அவனைப் பேச வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தெரியாத மொழியில் மட்டும் சோதித்தால் எந்தப் பிள்ளையும் பின்தங்கியதாகத்தான் தெரியும். வீட்டில் அவன் கதை சொல்வதைப் போனில் இரண்டு மூன்று நிமிடம் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆசிரியையிடம் இல்லாத அந்த மீதிப் பாதி அதுதான்.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்

கடிதத்தின் நான்காவது பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “கடையில் அழுது புரண்டபோது இவர் தொடையில் ரெண்டு வைத்தார், வீட்டில் அத்தையும் எப்போதாவது முதுகில் போடுவார், அது நம்ம வளர்ப்புதானே, அது பெரிய விஷயம் இல்லை.” ஊட்டுவதையும் பக்கத்தில் படுக்க வைப்பதையும் பற்றி இரண்டு பக்கம் பயந்து எழுதிவிட்டு, இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சகோதரி, நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான். உங்கள் பயம் இடம் மாறி நிற்கிறது.

பக்கத்தில் படுக்க வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஷ்வேடரும் அவருடைய சகாக்களும் 1995-ல் புவனேஸ்வரையும் சிகாகோவையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு இத்தனை அறைதான் உண்டு, யாரை யாரோடு படுக்க வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சிகாகோக்காரர்களுக்குக் கணவன் மனைவிக்குத் தனி இடம் முக்கியம். ஒடியாக்காரர்களுக்குச் சின்னப் பிள்ளை தனியே கிடக்கக் கூடாது என்பது முக்கியம். இதில் யார் முறையிலும் பிள்ளைக்குக் காயம் இல்லை. அடி அப்படி இல்லை. அதில் பிள்ளைக்கு வலிக்கிறது, அதுவும் தன்னைக் காப்பாற்ற வேண்டியவரின் கையால் வலிக்கிறது. வித்தியாசமான பழக்கத்தைக் காப்பாற்ற நான் உங்களோடு நிற்பேன். பிள்ளையை அடிப்பதைப் பண்பாடு என்ற பெயரில் காப்பாற்ற நான் வரமாட்டேன்.

“அடியாத மாடு படியாது” என்று மாமியார் சொல்லக்கூடும். நார்வேயிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மிதமாக அடிக்கப் பெற்றோருக்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 1972-ல்தான் அதை எடுத்தார்கள். அண்டை நாடான சுவீடன் 1979-ல், உலகிலேயே முதல் நாடாக, பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. நார்வே 1987-ல் தடை செய்தது. 2010-ல் சட்டத்தை மீண்டும் திருத்தி, லேசான அடியும் கூடாது என்று தெளிவாக எழுதினார்கள். நம் நாட்டிலும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் மாணவரை அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. முட்டி போட வைத்துப் பிரம்பால் அடித்த வாத்தியாரை நம் தலைமுறை பார்த்தது. இன்று அதே ஊரில் பெற்றோர் அதைப் பொறுப்பதில்லை. பண்பாடு நம் கண் முன்னாலேயே இவ்வளவு மாறியிருக்கிறது.

பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நினைக்கக் காரணம் இருந்தால், மழலையர் பள்ளி ஊழியர்கள் அங்கே நலத்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது அவர்கள் சட்டக் கடமை. ஐந்து வயதுப் பிள்ளை ஏதோ பேச்சில் “அப்பா அடிச்சார்” என்றால் போதும். அந்தப் பயத்துக்காக அடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அது பிள்ளைக்கு நல்லதில்லை என்பதால் சொல்கிறேன். “சொல்லாதே” என்று பையனை மிரட்டவும் வேண்டாம். கணவரும் அத்தையும் நீங்களும் இன்றைக்கே உட்கார்ந்து, இனி கை ஓங்குவதில்லை என்று முடிவெடுங்கள். கடையில் புரண்டு அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுங்கள். அழுகை ஓயும்வரை பக்கத்தில் உட்காருங்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தான் நம்மைக் கை ஓங்க வைக்கிறது, பிள்ளையின் தப்பு பாதிதான்.

பயமும் உரிமையும்

நீங்கள் படித்த செய்தி 2011-ல் ஸ்டவாங்கர் நகரில் நடந்தது. ஓர் இந்தியத் தம்பதியின் இரண்டு குழந்தைகளை நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதும் ஒரே படுக்கையில் படுக்க வைத்ததும் காரணமாகக் காட்டப்பட்டன என்றார்கள் பெற்றோர். பண்பாட்டு வேறுபாடு காரணமில்லை என்றார்கள் அதிகாரிகள். ரகசியக் காப்பு விதியால் கோப்பு முழுதாக வெளியே வரவில்லை. இரு நாட்டு அரசுகளும் பேசி 2012-ல் குழந்தைகள் இந்தியாவுக்கு வந்தார்கள். அந்தத் துறை தவறே செய்யாதது என்று நான் சொல்லமாட்டேன். நார்வே குடும்ப வாழ்க்கை உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வே 2019-ல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் துறை கையாளும் விஷயங்களில் பெரும்பகுதி, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு உதவுவதுதான். ஊட்டுகிறார்கள் என்பதற்காக நாளைக் காலை யாரும் கதவைத் தட்டப் போவதில்லை.

மைனஸ் ஐந்து டிகிரியில் கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வெளியே தூங்க வைக்கிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை என்று ஆற்றாமையோடு எழுதியிருந்தீர்கள். 1997-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு தாய் நியூயார்க்கில் இதையே செய்தார். தன் ஊர் வழக்கப்படி, குழந்தையை உணவகத்துக்கு வெளியே வண்டியில் விட்டுவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து கைது செய்தது. குழந்தையைச் சில நாள் தாயிடமிருந்து பிரித்தே வைத்தார்கள். உங்களுக்கு இருக்கும் இதே பயத்தை அந்தப் பெண்ணும் அனுபவித்திருக்கிறார். ஆசிரியையிடம் பேசும்போது இது மனத்தில் இருந்தால், எதிராளியிடம் பேசுவது போலப் பேசமாட்டீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. நிலைமை எப்போதாவது கடிதம், விசாரணை என்று போனால் உடனே அங்குள்ள வழக்கறிஞரிடம் போங்கள். இப்போதைக்குத் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். 2022 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, மொழி புரியாவிட்டால் அரசு அலுவலகம் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். பாதி புரிந்தும் “யா, யா” என்று தலையாட்டாதீர்கள். நம் தலையாட்டலே அங்கே தப்பாகப் புரியும். 2023-ல் வந்த புதிய குழந்தைகள் நலச் சட்டம், பிள்ளையின் மொழியையும் பண்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று துறைக்கே கடமை விதிக்கிறது. கூப்பிட்டால் போகாமல் இருப்பது, தள்ளிப்போடுவது, பிள்ளையைச் சில நாள் பள்ளிக்கு அனுப்பாமல் வைப்பது, இவைதான் சந்தேகத்தை வளர்க்கும். நீங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வந்ததும் அப்படித்தான் பட்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் தேட வேண்டாம். பயத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. உங்கள் பக்கத்திலேயே பல பத்தாண்டுகளாக ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள், பிள்ளைகளை வளர்த்துப் பெரியவர்களாக்கி, வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் நடத்துகிறார்கள். அங்கே போய் இரண்டு அம்மாக்களிடம் பேசுங்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வதைவிட, “எங்கட பிள்ளையும் முதல் வருசம் இப்பிடித்தான்” என்று அவர்கள் சொல்வது உங்களைத் தூங்க வைக்கும்.

நீங்களே ஆசிரியையைச் சந்திக்க நேரம் கேளுங்கள், அவர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். கணவரையும் கூட்டிப் போங்கள். கதை சொல்லும் அந்த வீடியோவையும் கையெழுத்திட்ட படிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தட்டு எடுத்து வைத்தானா, ஜாமா சீஸா என்று ஒரு நாளாவது கை காட்டினானா என்று எனக்கு எழுதுங்கள்.